ஒற்றைக் கையோடு ஒரு மாட்டு வைத்தியர்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் நெடுமங்காட்டைத் தாண்டி, சுள்ளிமானூரில் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் நேரே போனால் பாலோடு, தென்மலை, செங்கோட்டை என்று நம் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். அந்தப் பாலோட்டில்தான் கேரள அரசின் கால்நடை நோய் ஆராய்ச்சிக் கூடமும், ஆடு மாடு கோழி வாத்துகளுக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையமும் இருக்கின்றன. உல்லாசப் பயணிகளில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. வலது பக்கச் சாலையில் விதுர, அதை ஒட்டி அரசாங்கத்தின் ஜெர்ஸி மாட்டுப் பண்ணை, பிறகு கல்லாறு, அதன்பின் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி.

நான் விலங்கியல் பட்டதாரி. ஆனால் படித்த படிப்புக்கும் பார்த்த உத்தியோகத்துக்கும் அதிக சம்பந்தமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடுதான் வாழ்க்கை. அதில் சில வருஷங்கள் கால்நடை வளர்ப்பு சம்பந்தமான கோப்புகள் என் மேஜைக்கு வந்துகொண்டிருந்தன. அந்த நாட்களில் ஒரு தணிக்கை வேலையாகப் பொன்முடி வரை போனபோது, தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் கலப்பின ஜெர்ஸிப் பசு ஒன்று கடும் காய்ச்சலில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். காதின் உட்புறம் முழுக்க உண்ணி. கீழேயிருந்து வந்திருந்த இளம் டாக்டர் சீட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: தைலேரியா. அது ஏதோ மூலிகைத் தைலத்தின் பெயர் என்று மாட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை டாக்டர்தான் எங்களுக்குச் சொன்னார்.

அந்த மனிதர் ஸர் ஆர்னால்ட் தைலர். ஜெர்மன் உச்சரிப்புப்படி டைலர் என்று எழுதுவதே சரி என்பார்கள். அப்படி எழுதினால் நம்மவர்கள் சட்டை தைக்கக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், தைலேரியாவை ஒட்டித் தைலர் என்றே எழுதுகிறேன்.

1867-ம் வருஷம் மார்ச் 26-ந் தேதி ஸ்விட்சர்லாந்தில் ஃப்ரிக் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பள்ளி ஆசிரியர். பெர்னிலும் ஜூரிக்கிலும் கால்நடை மருத்துவம் படித்து 1889-ல் தேறினார். உள்ளூரில் கொஞ்ச நாள் வைத்தியம் பார்த்துவிட்டு, 1891-ல் 24-வது வயதில் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். அப்போது டிரான்ஸ்வால், போயர்கள் எனப்படும் டச்சு வம்சாவளியினரின் தனிக் குடியரசு. ஆடுமாடு நிறைந்த நாட்டில் மாட்டு வைத்தியருக்கு வேலையா கிடைக்காது என்று எண்ணிப் போனவருக்கு, பிரிட்டோரியாவில் தொழில் நடக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு பெரிய பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயந்திரத்தில் சிக்கி இடது கை போயிற்று.

மாட்டு வைத்தியத்துக்கு இரண்டு கையே போதாது என்பது, கன்று பிரசவம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்னிய தேசத்தில், பணமில்லாமல், ஒரு கையை இழந்த 24 வயது வாலிபன் ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. பண்ணைகளில் ஓடியாடிச் செய்யும் வைத்தியத்தைக் குறைத்துக்கொண்டு, நுண்ணோக்கியும் சோதனைக் குழாயுமாக உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பினார். கை போயிராவிட்டால் நல்ல கிராமத்து மாட்டு வைத்தியராகவே அவர் முடிந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

1893-ல் ஜோஹானஸ்பர்க் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடையே வைசூரி பரவியது. தைலர் கன்றுக்குட்டிகளைக் கொண்டு அம்மைப்பால் தயாரித்துக் கொடுத்தார். அதிபர் க்ரூகரின் சர்க்கார் அவரைக் கவனித்தது அப்போதுதான். அதே வருஷம் எம்மா என்ற ஸ்விஸ் பெண்ணை மணந்துகொண்டார். மூன்று வருஷம் கழித்து, அவர் வாழ்க்கையையே மாற்றிய நோய் வந்து சேர்ந்தது.

அதை ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்பார்கள். நம் கிராமங்களில் வெக்கை நோய். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகி, வாய் புண்ணாகி, கழிச்சல் கண்டு, ஒரு வாரம் பத்து நாளில் மாடு சாய்ந்துவிடும். மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸுக்கு இது நெருங்கிய உறவு. முதலில் மாட்டில் இருந்த வைரஸிலிருந்துதான் தட்டம்மையே பிறந்தது என்று இன்றைய விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். இந்த வெக்கை 1887 வாக்கில் ஆப்பிரிக்காவின் செங்கடல் கரையில் மஸாவா துறைமுகத்தில் இறங்கியது. இத்தாலியப் படைக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு வந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டவை என்றே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் பத்தில் ஒன்பது மாடு செத்தது. உழ மாடில்லாமல் வந்த பஞ்சத்தில் மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் மாண்டார்கள் என்பது ஒரு கணக்கு. அங்கிருந்து வருஷா வருஷம் தெற்கே நகர்ந்து, 1896-ல் ஸாம்பெஸி நதியைத் தாண்டியது.

டிரான்ஸ்வாலில் அன்று சாமான் போக்குவரத்து பெரும்பாலும் மாட்டு வண்டியில்தான். ஒவ்வொரு வண்டிக்கும் எட்டு ஜோடி மாடு பூட்டுவார்கள். வெக்கை வந்ததும் வண்டிகள் சாலையில் அப்படியே நின்றன. மாடு தப்பித்தாலும் நோய் பரவக்கூடாது என்று சர்க்கார் சுட்டது. வெள்ளைக்காரப் பண்ணையாருக்கு இது நஷ்டம். ஆனால் பாலுக்கும் உழவுக்கும் பெண்ணுக்குக் கொடுக்கும் சீருக்கும் மாட்டையே நம்பியிருந்த கறுப்பின மக்களுக்கு வாழ்க்கையே போயிற்று. பலர் சுரங்கக் கூலிக்குப் போக நேர்ந்தது இதன் பிறகுதான். ஸாம்பெஸிக்குத் தெற்கே செத்த மாடுகள் 25 லட்சத்துக்கும் அதிகம் என்று ஒரு கணக்கும், 50 லட்சம் என்று இன்னொரு கணக்கும் உண்டு.

சர்க்கார் தைலரை அரசுக் கால்நடை மருத்துவராக நியமித்தது. பக்கத்து நாடான நேட்டாலிலிருந்து வந்த வாட்கின்ஸ் பிட்ச்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய வைத்தியரும் அவரும் சேர்ந்து, மாரிக்கோ என்ற இடத்தில் எளிய சோதனைக் கூடம் போட்டார்கள். நோய் வந்து பிழைத்த மாட்டுக்கு மறுபடி அது வருவதில்லை. அப்படியானால் பிழைத்த மாட்டின் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது. அந்த ரத்தத்தை உறையவைத்து, மேலே தெளியும் சீரத்தை எடுத்து மற்ற மாட்டுக்குச் செலுத்தினால் என்ன? செலுத்தினார்கள், பலன் தெரிந்தது. இன்னும் கூடுதலாக, பிழைத்த மாட்டுக்கே மறுபடி மறுபடி நோய் ரத்தத்தை ஏற்றினால் அதன் சீரம் வலுவாகிறது என்பதும் தெரிந்தது.

அதே சமயம் கேப் காலனி சர்க்கார் ஜெர்மனியிலிருந்து ராபர்ட் காக்கையே வரவழைத்தது. காசநோய்க் கிருமியையும் காலராக் கிருமியையும் கண்டுபிடித்த அதே காக்தான். அவர் 1896 டிசம்பரில் கிம்பர்லிக்கு வந்து, இரண்டே மாதத்தில், நோயுற்ற மாட்டின் பித்தநீரை ஊசியாகப் போட்டால் எதிர்ப்புச் சக்தி வரும் என்று அறிவித்தார். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் பித்தத்துக்காக மாட்டைக் கொல்ல வேண்டும். சில வேளை அந்தப் பித்தமே நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடைசியில் நிலைத்தது சீரம் முறைதான். காக்கின் சகாவான கோல்லேயும் டர்னர் என்பவரும் சீரத்தையும் நோய் ரத்தத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றும் முறையைச் சேர்த்தார்கள். சீரம் மட்டும் என்றால் சில வாரமே காப்பாற்றும். இரண்டும் சேர்ந்தால் எதிர்ப்பு நீடிக்கும். பெயர் மட்டும் காக்குக்குப் போயிற்று. பெரிய இடத்திலிருந்து வந்தவர் வாய் திறந்தால் உள்ளூர்க்காரரின் கோப்பு அடியில் போவது எல்லாத் தேசத்திலும் உண்டு போலிருக்கிறது!

காக் கிம்பர்லியிலிருந்து நேரே பம்பாய்க்கு வந்தார், பிளேக் நோயை ஆராய. அப்படியே இமயமலைச் சாரலில் முக்தேஸ்வரில் இருந்த நம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தையும் பார்வையிட்டார். முக்தேஸ்வரில் 1899-ல் வெக்கைக்குச் சீரம் தயாரிப்பு ஆரம்பமாயிற்று. 1920-களில் அங்கே எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நூற்றுக்கணக்கான தடவை மாற்றி மாற்றி ஏற்றி, வீரியம் குறைந்த தடுப்பு மருந்தாக்கினார். நம் ராணிப்பேட்டை நிலையம் 1932-ல் தொடங்கியதும் முதன்மையாக இந்தச் சீரத்துக்காகத்தான். 1954-ல் இந்தியா தேசிய ஒழிப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. கடைசியாக வெக்கை நோய் தென்பட்டது 1995-ல், அதுவும் நம் தமிழ்நாட்டில். 2011-ல் உலகமே வெக்கை நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூமியை விட்டே துரத்திய இரண்டாவது நோய் இது. இந்தச் சங்கிலியின் ஆரம்பக் கண்ணிகளில் ஒன்று மாரிக்கோவில் போட்ட அந்தச் சோதனைக் கூடம்.

1899-ல் போயர் யுத்தம் மூண்டது. தைலர் போயர் பீரங்கிப் படையின் கால்நடை வைத்தியராக லேடிஸ்மித் முற்றுகைக்குப் போனார். அதே போர்முனையில், எதிர்த்தரப்பில், காந்திஜி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் தமிழர்களும் உண்டு. போயர்கள் தோற்றபின், வென்ற ஆங்கிலேயர் தைலரை வேலையிலிருந்து அனுப்பிவிடவில்லை. ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னார்கள். 1908-ல் பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஆண்டர்ஸ்டெபூர்ட் என்ற இடத்தில் அவருக்கென்றே பெரிய ஆராய்ச்சி நிலையம் கட்டிக் கொடுத்தார்கள். கால்நடை வைரஸ்களைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அந்தப் பெயர் வராமல் போகாது.

அங்கே அவர் செய்தவை அனைத்தையும் எழுத இடம் போதாது. செம்மறியாடுகளுக்கு வரும் நீலநாக்கு நோய், மிக நுண்ணிய வடிகட்டியையும் தாண்டிச் செல்லும் கிருமியால் வருவது என்று நிரூபித்தார். வைரஸ் என்றால் என்ன உருவம் என்று யாரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. பாக்டீரியாவை நிறுத்திவிடும் பீங்கான் வடிகட்டியில் ஊற்றி, கீழே இறங்கும் தெளிநீரும் நோயைத் தந்தால் அது வைரஸ், அவ்வளவுதான் அளவுகோல். அந்த நோய்க்கு அவர் தயாரித்த தடுப்பு மருந்து ஏறக்குறைய நாற்பது வருஷம் புழக்கத்தில் இருந்தது. மழைக்காலம் முடியும்போது நம் தென் மாவட்டங்களில் செம்மறி வளர்ப்பவர்களைப் பயமுறுத்துவதும் இதே நீலநாக்குதான். 1997-98-ல் தமிழ்நாட்டில் பெரிய சேதம் விளைந்தது.

தைலேரியா விஷயம் வேறு. அது வைரஸ் அல்ல. வெக்கையிலும் யுத்தத்திலும் அழிந்த மந்தைகளை நிரப்பக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மாடு வாங்கிவந்தபோது, அவற்றின் உண்ணியோடு புதிய காய்ச்சல் ஒன்றும் வந்தது. அந்த ஒட்டுண்ணியைத் தனியாக இனங்கண்டு 1904-ல் விவரித்தவர் தைலர். பிறகு 1907-ல் மற்றவர்கள் அந்த இனத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். நம் நாட்டு மாடுகளுக்கு வருவது அதே இனத்தின் வேறு வகை. நாட்டு மாடு ஓரளவு தாங்கிக்கொள்ளும். சீமைக் கலப்பு மாடு தாங்காது. கேரளத்தில் 1963-ல் மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் இந்திய-ஸ்விஸ் திட்டம் தொடங்கி, ஸ்விட்சர்லாந்துக் காளைகளை இறக்கி, சுநந்தினி என்ற கலப்பினத்தை உருவாக்கினார்கள். பால் பெருகியது, உண்மை. கூடவே உண்ணிக் காய்ச்சலின் பயமும் பெருகியது. ஸ்விட்சர்லாந்து மாடு வந்த மலைநாட்டில், ஸ்விட்சர்லாந்துக்காரர் பெயரில் நோயும் இருப்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படும்.

தைலரைச் சலிக்காமல் அலைக்கழித்தது ஆப்பிரிக்கக் குதிரை நோய். கோடை முடிவில் வரும். நேற்று ஓடிய குதிரை இன்று மூக்கில் நுரை தள்ளி விழும். வைரஸும் சீரமும் சேர்த்துப் போடும் பழைய முறையைக் கோவேறு கழுதைகளுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார். குதிரைகளிடம் அது அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஒரு ஊரின் வைரஸைத் தாங்கிய குதிரை, இன்னொரு ஊரின் வைரஸால் செத்தது. இந்த வைரஸ் ஒன்றல்ல, பல வகை என்று தைலர்தான் முதலில் உணர்ந்தார். இன்று ஒன்பது வகை என்று கணக்கு.

இதில் இன்னொரு சங்கடமும் வந்தது. ஊசி போட்ட குதிரைகளில் சில, நோய் தாக்காமலே, ஒன்றிரண்டு மாதம் கழித்து மஞ்சள் காமாலை கண்டு, சித்தம் கலங்கிச் சுவரில் முட்டிக்கொண்டு செத்தன. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் சுருங்கி அழுகியிருக்கும். தடுப்பு மருந்து தயாரித்தவரே அதைப் பற்றி வாய் மூடியிருந்தால் அன்று யாரும் கேட்டிருக்க முடியாது. தைலர் 1918, 1919 வாக்கில் இதை முழு விவரத்தோடு அறிக்கையாக வெளியிட்டார், ஊசி போட்ட குதிரைகளுக்கு வந்தது என்பதையும் சேர்த்து. இன்றும் அந்த நோய்க்குத் தைலர் நோய் என்றே பெயர். அவர் கொண்டாடப்பட்ட வெற்றிகளை விட இந்த அறிக்கைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சர்க்கார் உத்தியோகத்தில், தன் இலாகா செய்த வேலையால் வந்த கெடுதலைத் தன் கையெழுத்தோடு அறிக்கையாக அனுப்புவது எப்படிப்பட்ட காரியம் என்பது நம் அங்கத்தினர்களில் பலருக்குத் தெரியும். காரணம் மட்டும் அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. சரியாக நூறு வருஷம் கழித்து, 2018-ல்தான், குதிரைச் சீரத்தில் ஒளிந்து பயணம் செய்யும் ஒரு பார்வோ வைரஸ் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. காப்பாற்றப் போன சீரமே அதைச் சுமந்திருக்கிறது.

1914-ல் ஸர் பட்டம் வந்தது. 1920-ல் தென்னாப்பிரிக்காவின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தலைவரானார். புல்லில் பாஸ்பரஸ் இல்லாத நிலத்தில் மாடுகள் செத்த மிருகங்களின் எலும்பைக் கடித்து, அதிலுள்ள விஷத்தால் முடங்கிச் சாகின்றன என்று கண்டுபிடித்து, எலும்புத் தூள் தீவனத்தால் அதை நிறுத்தியதும் இந்தக் காலத்தில்தான். 1927-ல் ஓய்வு பெற்றார். 1936 ஜூலை 24-ந் தேதி லண்டனில் காலமானார்.

இரண்டு பிள்ளைகள், இரண்டு பெண்கள். மகள் கெர்ட்ரூட், தகப்பனாருக்குப் பெயர் வாங்கித் தந்த உண்ணிகளையே ஆராய்ந்து, ஆப்பிரிக்க உண்ணிகளைப் பற்றி அதிகாரபூர்வமாக எழுதினார். இளைய மகன் மாக்ஸ் 1899-ல் பிரிட்டோரியாவில் பிறந்தவர். மனித வைத்தியம் படித்து அமெரிக்கா போனார். அங்கே மனிதர்களுக்கு வரும் மஞ்சள் காய்ச்சலின் வைரஸை எலியின் மூளையில் வளர்க்கலாம் என்று 1930-ல் காட்டினார். அந்த உத்தியையே எடுத்துக்கொண்டு ஆண்டர்ஸ்டெபூர்ட்டில் அலெக்ஸாண்டர் என்பவர் குதிரை நோய் வைரஸை எலி மூளையில் வளர்த்து, வீரியம் குறைத்து, தகப்பனாருக்கு எட்டாத தடுப்பு மருந்தைச் செய்துமுடித்தார். 1960-ல் அந்தக் குதிரை நோய் மேற்கு ஆசியா வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கொன்றபோது, இங்கே போடப்பட்டதும் எலி மூளை வழியில் தயாரித்த மருந்துதான்.

மாக்ஸின் மஞ்சள் காய்ச்சல் தடுப்பு மருந்து 17டி, தகப்பனார் இறந்த மறு வருஷம் 1937-ல் வெளியாயிற்று. அதிலும் ஒரு கஷ்டம் நேர்ந்தது. வைரஸ் கெடாமலிருக்க மருந்தில் மனித ரத்தத்தின் சீரத்தைச் சேர்த்தார்கள். தயாரித்தது ராக்ஃபெல்லர் நிறுவனம். 1942-ல் இந்த ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கச் சிப்பாய்களில் சுமார் 50,000 பேர் மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். சீரம் கொடுத்த சிலரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது என்பது, பல வருஷம் கழித்துச் சிப்பாய்களின் ரத்தத்தைச் சோதித்தபோது நிச்சயமாயிற்று. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வைரஸ் தொற்றியிருக்கும் என்பது அப்போது போட்ட கணக்கு. தகப்பனார் குதிரைகளில் பார்த்து எழுதிவைத்த அதே கதை, இருபது சொச்சம் வருஷம் கழித்து, பிள்ளையின் மருந்தில், மனிதர்களிடம். சீரத்தை நீக்கிவிட்டு மருந்தைத் தயாரித்தார்கள், காமாலை நின்றது. 17டி-க்காக 1951-ல் மாக்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் 1972-ல் காலமானார்.

நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் கென்யா, நைஜீரியா, கானா என்று உத்தியோகத்துக்குப் போகும்போது, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற இடங்களில் ஊசி போட்டுக்கொண்டு மஞ்சள் நிறப் புத்தகம் ஒன்றை வாங்கிவருவார்கள். அதில் முத்திரை குத்தித் தரப்படும் ஊசி, மாக்ஸ் தைலரின் அந்த 17டி-யின் வழிவந்ததுதான். முன்பு அது பத்து வருஷத்துக்கே செல்லும். 2016-லிருந்து ஆயுள் முழுவதும் செல்லும் என்று உலக சுகாதார விதிகளை மாற்றியிருக்கிறார்கள். பழைய புத்தகத்தில் பத்து வருஷம் என்று போட்டிருந்தாலும் புதிதாகப் போட வேண்டியதில்லை. பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.